கனடா ரீச்சரின் பூட்டன்

எனக்குப் பத்து வயது நடந்தபோதே வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. கவுன்சில் கடிதம், காஸ் மீற்றர் பார்க்க வரும் ஆள், டொக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரி, எல்லாரும் சொல்வதைத் தமிழாக்கிச் சின்னம்மாவிடம் சொல்ல வேண்டும். சின்னம்மா சொல்வதை இங்கிலீஷாக்கி அவர்களிடம் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லை. தலைக்கனம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ஒரு சொல்லும் விடாமல் சொல்லுகிற பிள்ளை என்று, லண்டனில் நாங்கள் இருந்த நோர்பரி முழுக்க அம்மா சொல்லித் திரிந்தார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கனடாவுக்கென்று புறப்பட்டு லண்டனில் மாட்டுப்பட்டவர். கலியாணம் நடந்து மூன்றாம் மாதம் சித்தப்பா களவாக ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து ரொறன்ரோ போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து அதே வழியில் போன சின்னம்மாவை ஹீத்ரோவில் நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெசினோடு இருந்தார். பாவாடைத் துணி வெட்டியபடி மூட்டையாக வரும், தைத்தபடி மூட்டையாகப் போகும். சித்தப்பா முதலில் ஞாயிறு தவறாமல் போன் எடுத்தார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. நான் சொல்லும் வருடத்தில் தீபாவளிக்கு எடுத்தார், பொங்கலுக்கு எடுக்கவில்லை. "அவருக்கு நைட் ஷிப்ட், பாவம்" என்பார் சின்னம்மா, யாரும் கேட்காமலே.

அந்தத் தைமாதம்தான் கனடா ரீச்சர் வந்தார். மேலே இருந்த சின்ன அறையை அப்பா எப்போதும் நம்முடைய பெடியன்களுக்குத்தான் வாடகைக்கு விடுவார். அந்த முறை ஒருவரும் வராததால் பேப்பர்க் கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டினார். அதைப் பார்த்து வந்தவர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, வினிபெக்கில் பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று மாத லீவில் வந்திருந்தார். வெள்ளைக்காரி என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு இப்படியான விஷயங்களில் சந்தேகத்தோடு தூக்கம் வராது. முதல் நாளே தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நீங்கள் எந்த ஆட்கள் என்று நேராகக் கேட்டார்.

ரீச்சருக்கு அந்தக் கேள்வி பழகியிருக்க வேண்டும். தாங்கள் மேட்டி மக்கள் என்றார். ஒரு காலத்தில் லண்டனில் ஆண்கள் எல்லாரும் பீவர் என்ற விலங்கின் மயிரில் செய்த தொப்பி போட்டார்களாம். அந்தத் தோலுக்காக இங்கிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் தோல் வியாபாரக் கொம்பனி ஆட்கள் கனடாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் தோணி வலித்துப் போனார்கள். அங்கே பூர்வீகக் குடிகளான க்ரீ இனப் பெண்களைக் கலியாணம் முடித்தார்கள். அந்தக் குடும்பங்களில் பிறந்து பெருகியவர்கள் தங்களுக்கென்று ஒரு பாஷையும் பாட்டும் வண்டியும் வைத்துக்கொண்டு தனிச் சனமாகிவிட்டார்கள். "அதிலே பாதி, இதிலே பாதி இல்லை. நாங்கள் முழு ஆட்கள்" என்று ரீச்சர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பெற்றோல் நிலைய வேலைக்குப் போனார்.

ரீச்சர் வந்தது அப்படிப் போன ஒரு ஆளைத் தேடி. தாயின் வழியில் பூட்டனோ, அவருக்கும் மேலோ, அந்த முறை எங்களுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் பூட்டன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினெட்டு வயதில் கொம்பனிக் கிளாக்காகப் போய், இருபது வருடம் இருந்து, மனைவியும் ஆறு பிள்ளைகளுமாக வாழ்ந்தவர். தகப்பன் இறந்துவிட்டார், காணி விஷயம் பார்த்துவிட்டு அடுத்த கோடைக்கு வந்துவிடுவேன் என்று லண்டனுக்குக் கப்பலேறினார். வரவில்லை. கப்பல் நடுக்கடலில் தாண்டு, அவரும் அதோடு மூழ்கிப்போனார் என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்கள். ரீச்சரின் தாய்க்கு எண்பத்து மூன்று வயது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அந்தப் பூட்டனுக்காக இன்னும் மெழுகுதிரி கொளுத்துகிறார். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று கண்டுபிடித்துத் தாயிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் ரீச்சரின் ஆசை.

பகலெல்லாம் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, பின்நேரம் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவரும் வந்துவிடுவார். அப்பா வேலையில், அம்மா ஆஸ்பத்திரி லோண்டரியில். முன்னறையில் நாங்கள் மூன்று பேரும்தான். சின்னம்மா தைக்க, ரீச்சர் ஒரு கறுத்த வெல்வெட் துணியில் மணி கோத்துப் பூ வேலை செய்வார். முதல் நாள் சின்னம்மா அந்தத் துணியை வாங்கி, பூவைப் பார்க்காமல், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல் தொங்கவில்லை. "கை சுத்தம்" என்றார். சின்னம்மா அப்படி லேசில் ஒருவரையும் மெச்சுவதில்லை. அதற்குப் பிறகு மெசினுக்குப் பக்கத்துக் கதிரை ரீச்சருக்கு என்றாகிவிட்டது.

காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பும் காட்டுப் பழமும் சேர்த்துத் தோல் பையில் அடைத்தால் வருடக்கணக்காகக் கெடாது என்று ரீச்சர் ஒரு நாள் சொன்னார். சின்னம்மாவுக்கு வாய் ஊறியது என்று நினைக்கிறேன். எத்தனை நாள் வெயில், உப்புப் போடுவார்களா என்று என்னைக் கேட்கவைத்துக் கொன்றுவிட்டார். ஆண்கள் துப்பாக்கியோடு படத்துக்கு நின்றார்களே தவிர, வியாபாரத்தை ஓட்டியது பெண்கள்தான் என்பது ரீச்சரின் கட்சி. தோல் பதப்படுத்தியதும், பனிச்சப்பாத்துப் பின்னியதும், குளிர்காலத்துக்குச் சாப்பாடு சேர்த்ததும் அவர்கள். அதோடு, கொம்பனிக்காரனுக்கும் வேட்டைக்காரனுக்கும் நடுவில் நின்று பாஷை பெயர்த்ததும் அவர்கள்தானாம். இதை மட்டும் நான் இரண்டு தரம் சொன்னேன்.

"அப்ப அவைக்குக் கலியாணம் என்னெண்டு நடக்கிறது? கோயில் இருந்ததோ?" என்று சின்னம்மா கேட்டார்.

கோயிலும் இல்லை, பாதிரியும் இல்லை என்றார் ரீச்சர். பெண்ணின் தகப்பனிடம் போய்க் கேட்பார்கள். துப்பாக்கி, கம்பளி, குதிரை என்று ஏதாவது வரிசை கொடுப்பார்கள். பெரியவர்கள் கூடியிருந்து புகைப்பார்கள். பெண் அவனோடு கொம்பனி ஆட்கள் இருக்கும் கோட்டைக்கு நடந்து போவாள். அவ்வளவுதான். ஊர் முழுக்க அவர்களைப் புருஷன் பெண்சாதி என்று ஏற்றுக்கொள்ளும். காகிதம் என்று ஒன்றும் கிடையாது.

மெசின் நின்றது. "எழுத்து இல்லையோ?" என்றார் சின்னம்மா. நம்முடைய ஆட்கள் கலியாணப் பதிவை எழுத்து என்பார்கள். சின்னம்மாவுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டியது. அன்று ஊரடங்கு. பதிவுக்காரர் வரவில்லை. எழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பார்ப்பதற்குள் சித்தப்பா போய்விட்டார். எழுத்து இல்லாததால்தான் சின்னம்மாவைக் கூப்பிட முடியாமல் இருக்கிறது என்று சித்தப்பா போனில் சொல்லியிருந்தார். லோயரின் கடிதத்தை மொழிபெயர்த்தவள் என்ற முறையில் எனக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் அன்று சின்னம்மா ஏன் ஊசியில் நூல் கோக்க அவ்வளவு நேரம் எடுத்தார் என்று தெரியவில்லை.

மாசி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ரீச்சர் மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் வீட்டில் இருந்தோம். பூட்டன் கிடைத்துவிட்டார். கப்பல் தாழவே இல்லை. லண்டனுக்குச் சுகமாக வந்து இறங்கி, அதே குளிர்காலத்தில் குரொய்டன் பக்கத்துக் கோயில் ஒன்றில் ஒரு மளிகைக்காரரின் மகளை முடித்து, முப்பது வருடம் வாழ்ந்து, கட்டிலில் படுத்துத்தான் செத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில். கலியாணப் பதிவின் பிரதியை மேசையில் வைத்து, ரீச்சர் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். "கலியாணம் முடிக்காதவர் எண்டு எழுதியிருக்காம்" என்று நான் சின்னம்மாவுக்குச் சொன்னேன்.

ரீச்சர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, இதைத் தன் தாயிடம் சொல்வதா விடுவதா என்று கேட்டார். அவருக்கு அந்த ஊரில் கேட்க வேறு ஆள் இல்லை.

அப்பா யோசிக்கவேயில்லை. இந்த வயதில் அந்த மனிசிக்கு எதற்கு, கப்பல் தாண்டதாகவே இருக்கட்டும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அம்மாவும் ஓம் ஓம் என்றார். வாசலில் நின்ற சின்னம்மா, பெரியவர்கள் பேசும்போது வாயே திறக்காதவர், "பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு" என்றார்.

"சொல்லத்தான் வேணும். உயிரோடை இருந்தவனுக்கு என்னத்துக்கு மெழுகுதிரி? வழி பாத்துக்கொண்டு இருக்கிறவளுக்கு உண்மை தெரிய வேணும். அவளுக்குத் தாங்க ஏலுமோ ஏலாதோ எண்டு மற்ற ஆக்கள் யோசிக்கத் தேவையில்லை."

அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. ரீச்சர் எழுந்துபோய்ச் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரீச்சர் போகும் நாள் வந்தது. கனடாவுக்கு ஒரு ஆள் போகிறதென்றால், அவர் யாராயிருந்தாலும், பாசல் இல்லாமல் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. வினிபெக்குக்கும் ரொறன்ரோவுக்கும் இரண்டு நாள் பஸ் ஓட்டம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நோர்பரிக்கும் வெம்பிளிக்கும் போல என்று நினைத்திருந்தோம். சின்னம்மா மிளகாய்த்தூள் வறுத்து இடித்தார். பருத்தித்துறை வடை சுட்டார். சித்தப்பாவின் பழைய அளவை நினைவில் வைத்து இரண்டு சேட்டுத் தைத்தார். ரீச்சர் பாசலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். எப்படியும் ரொறன்ரோவில்தான் பிளேன் மாற வேண்டும், ஒரு நாள் தங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று விலாசத்தை எழுதிக்கொண்டார்.

சித்திரை மாதம் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தால் வந்தவளைச் சப்பாத்துக் கழற்ற விடாமல் சின்னம்மா கதிரையில் இருத்தினார். மெல்லிய நீலத் தாள், இரண்டு பக்கம், ரீச்சர்மாருக்கே உரிய உருண்டையான எழுத்து. முதல் பந்தியில் ரீச்சரின் தாய். அவரிடம் சொல்லியாயிற்று. அடுத்த நாள் காலையில், அந்த மெழுகுதிரிகளை இனிக் கரண்ட் போனால் கொளுத்தலாம் என்றாராம். சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டாம் பந்திக்குப் போனேன்.

ரொறன்ரோவில் சித்தப்பாவின் விலாசத்தில் ஒரு இளம் பெண் கதவைத் திறந்தாள் என்று இருந்தது. இடுப்பில் ஒரு ஆண் குழந்தை, இரண்டு வயது இருக்கும். தான்தான் அவருடைய மனைவி என்று சொன்னாள். அவர் உள்ளேயிருந்து வந்து பாசலை வாங்கினார், நிலத்தைப் பார்த்தபடி நின்றார். 'பாசல் கொடுத்தேன் என்று மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.'

பத்து வயதில் மனைவி என்ற சொல் எனக்கு விளங்காமல் இல்லை. சின்னம்மா சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாத முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல ஏலவில்லை. உத்தியோகத்தில் முதல் தடவையாகப் பொய் சொன்னேன்.

"பாசல் குடுத்திட்டாவாம். சித்தப்பா வேலைக்குப் போட்டாராம். சேட்டு நல்ல அளவாம்."

வேலைக்குப் போன மனிசன் எப்படிச் சேட்டைப் போட்டுப் பார்த்தார் என்று சின்னம்மா கேட்கவில்லை. "மற்றப் பக்கத்திலை என்ன?" என்றார்.

"அது பனி. அங்கை சரியான பனியாம்."

"சித்திரையிலையோ?"

"ஓம்."

வினிபெக்கில் சித்திரையிலும் பனி கொட்டும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று நான் சொன்னதில் உண்மையாகப் போனது அது ஒன்றுதான்.

சின்னம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்தார். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "பேப்பர் எடு, பதில் எழுதுவம்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடிதம் கிடைத்தது. எல்லாம் விளங்கியது. நான் சொன்னபடி நீங்கள் செய்தது சரி. அதற்காக மனம் வருந்த வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பாசல் கொடுத்ததற்கு ரீச்சர் எதற்கு மனம் வருந்த வேண்டும் என்று எழுதும்போதே யோசித்தேன். வழி தூரம் என்பதால் இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் யூனிவர்சிட்டிக்குப் போகிற காலத்தில், சின்னம்மா ஒருநாள் வெங்காயம் உரித்தபடி சாதாரணமாகச் சொன்னார். "நீ வாசிக்கேக்கை ரெண்டாம் பந்தியிலை உன்ரை கண் நிண்டுபோச்சு. விசயம் விளங்க எனக்கு அது காணும். அந்தச் சொல்லைப் போய் உன்ரை வாயாலை சொல்ல வைக்கிறதோ, குஞ்சு?"

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. சின்னம்மாவை நான் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில், முத்திரையை நக்கி ஒட்டிக்கொண்டு, தெருமுனைத் தபால் பெட்டிக்குத் துள்ளிக்கொண்டு ஓடினேன்.