அம்மாவின் விதைக்கிழங்கு

ஈரச் சாக்கும் மலை மண்ணும் கலந்த ஒரு வாசனை அந்த ஐப்பசி முழுவதும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. குனிந்து பார்த்தால், சாக்கின் மேல் பரப்பி வைத்த சின்னச் சின்னச் சிவப்பு உருளைக்கிழங்குகளிலிருந்து ஊதா நிற முளைகள் குத்திட்டு நிற்கும். கொடைக்கானல் மலையில் பிறந்து மம்சாபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த அம்மா, தன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். தாத்தாவின் காட்டை மாமாக்கள் விற்றுவிட்டார்கள்; வாங்கியவர் விடுதி கட்டப்போவதாகப் பேச்சு. அந்தக் கிழங்கு இனி முளைப்பதென்றால் எங்கள் வீட்டுப் "பொறவாசல்" தோட்டத்தில்தான் முளைக்க வேண்டும்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு "கண்ணு" இருக்கும்படி கிழங்கை நறுக்கி, வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தடவி, கண் மேலே பார்க்கும்படி அம்மா நட்டாள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏட்டி ஜெபா, நம்ம ஊரு வெயிலுக்கு அது மண்ணுக்குள்ளேயே அவிஞ்சிரும். நீ உப்பு மட்டும் போட்டாப் போதும்" என்று கேலி செய்வாள். அம்மாவும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே தென்னோலையைச் சாய்த்துச் செடிகளுக்கு நிழல் கட்டுவாள். மார்கழிக் குளிர் கைகொடுத்தது. தை மாதம் இலைகள் பழுத்ததும் ஒரு சாயங்காலம் தோண்டினாள். ஓலைப்பெட்டியில் பாதிக்குத்தான் வந்தது. "ஒண்ணக்கூடத் திங்கக் கூடாது பிள்ள, அம்புட்டும் வெதைக்கு" என்று என்னிடம் சொன்னாள். அப்பா அப்போது வீட்டில் இல்லை. ராஜபாளையத்து நூல் மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்த முதல் காய், முதல் கனி எதுவானாலும் வாயில் வைக்காமல் பீடத்தில் கொண்டுபோய் வைப்பதும், ஆராதனை முடிந்து அதை ஏலம் விடுவதும் சபையின் வழக்கம். பண்டிகைச் சாப்பாட்டை "அசனம்" என்போம். அதற்குக் காய் நறுக்கும் பெண்களோடு அம்மா விடியற்காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆராதனையில் காணிக்கை கொண்டுவருகிறவர்களின் வரிசையில் அப்பாவும் வந்தார். ஷிப்டு முடிந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, எங்கள் ஓலைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மனைவி அரும்பாடுபட்டு விளைவித்ததைப் பண்டிகைக்கென்றே முந்தின நாள் தோண்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு வலித்தது.

பீடத்தில் வைத்ததைத் திருப்பிக் கேட்கும் துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. மம்சாபுரத்தில் விளைந்த மலைக்கிழங்கு என்று ஏலத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எடுத்தவர் ஒரு கடைக்காரர், நல்ல மனுஷர். அங்கேயே அதை அசனத்துக்குக் கொடுத்துவிட்டார். பெட்டி நேரே காய் நறுக்கும் இடத்துக்கு வந்தது. அம்மாவின் அரிவாள்மணைக்குத்தான் வந்தது. அவள் தோலைக் கனமாகச் சீவினாள். கண் இருந்த தோலையெல்லாம் முந்தானையில் போட்டுக்கொண்டாள். சாம்பாரில் கிடந்த கிழங்கை எல்லோரும் ருசியாக இருக்கிறதென்றார்கள். அம்மா சோற்றை மட்டும் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முந்தானையை அவிழ்ப்பதைப் பார்த்து, "இது என்னத்துக்கு?" என்று அப்பா கேட்டார்.

"எங்கய்யா காட்டு வெதைங்க அது. அம்புட்டயும் கொண்டுபோயிட்டீகளே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா ஜெபா?"

"எப்பச் சொல்ல? ஆண்டவர் முன்னால வச்சா?"

அப்பாவே மண்ணைக் கொத்தி அந்தத் தோல்களை நட்டார். மில்லிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்த் தண்ணீர் ஊற்றுவார். எல்லாம் அழுகிவிட்டன. பங்குனி வெயிலில் பாக்கியம் அத்தையே, "விடுங்கண்ணே, வெறும் மண்ணுக்கு எதுக்கு ஊத்துதீக?" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நாள் ஊற்றினார். அவரைப் பார்க்கத்தான் எனக்கு அழுகையாக வந்தது.

அதன்பின் வந்த ஒவ்வொரு பண்டிகைக்கும், ஒரு கத்தரிக்காயானாலும் பறித்தவுடன் அடுப்படி வாசலில் வந்து நின்று, "ஜெபா, எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்பார். அம்மா "ம்" என்றால்தான் பெட்டியில் வைப்பார்.

தாத்தாவின் காட்டில் இப்போது விடுதி இருக்கிறது. ராஜபாளையம் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கும்போதெல்லாம் குவியலைக் கிளறிப் பார்க்கிறேன். அந்தச் சிவப்பு கண்ணில் படவே இல்லை. அம்மாவும் போய்விட்டாள். போன தையில் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா தோட்டத்தில் முதலாகப் பழுத்த பப்பாளியைப் பறித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தார். உள்ளே யாரும் இல்லை.

"ஜெபா, எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பழத்தை ஏந்தியபடியே நின்றார்.