முனுசாமி அண்ணனின் கர்லாக்கட்டை

உடற்பயிற்சி மன்றத்து நண்பர்களே, இன்று காலை நடந்ததை எழுதிப் பலகையில் ஒட்டுகிறேன்.

குறை கேட்க வந்த செயலாளரிடம் நீங்கள்தானே சொன்னீர்கள்? "செத்துப்போன முனுசாமி அண்ணன் கர்லா சும்மா எடத்த அடச்சிக்கினு இருக்குது. எடுத்துடுங்க."

எடுக்கத்தான் போனோம், அவரும் நானும்.

நேற்று ஆயுத பூஜை. கட்டைகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துச் சுவரோரம் சாத்தினோம். அன்று யாரும் அவற்றைத் தொடுவதில்லை. கதவைப் பூட்டிச் சாவியை நான்தான் இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

இன்று திறந்தால், மற்ற கட்டைகளில் சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. தறியைவிட்டு எழுந்ததும் அண்ணன் ஓடிவந்து சுற்றுவாரே, அந்தக் கட்டையில் மட்டும் பொட்டு அழிந்திருந்தது.

பிடியைத் தொட்டேன். ஈரம். வெதுவெதுப்பு வேறு.

"ஓடு ஒழுகிச்சாபா?" என்றார் செயலாளர்.

மழையே பெய்யவில்லை.

அவரும் தொட்டார். விரலை முகர்ந்தார். திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனார்.

"இருக்கட்டும்பா. உபயோகத்துலதான் இருக்குது."

நம்மில் குறையே சொல்லாத உறுப்பினர் அண்ணன் ஒருவர்தான்.

நாளைக் காலை கதவைத் திறக்க விருப்பமுள்ளவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டேன்.