எழுத்துப்பிழை தேடியவர்

ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காருவார். சுரங்கத்தில் கிரேன் ஓட்டுபவர், புருவமெல்லாம் கரித்தூள். கண் சொருகினாலும் போனில் ஏலத் தளங்களைத் துழாவுவார். பழைய பொம்மைக் கார்களின் பெயரை வேண்டுமென்றே பிழையாக அடித்துத் தேடுவார். பெயரைத் தப்பாகப் போட்டு விற்பவர்களின் கார் வேறு யார் கண்ணிலும் படாது, மலிவாகக் கிடைக்கும்.

பல வருடமாகத் தேடிய சிவப்புப் பொம்மை வேன் ஒருநாள் அப்படிச் சிக்கியது. போட்டிக்கு ஆளே இல்லை. வாங்கியாயிற்றா என்று மறுநாள் கேட்டேன்.

"பேரைத் திருத்தச் சொல்லி எழுதிட்டேங்க. வெலை ஏறிப்போச்சு."

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?"

"செத்துப்போன அப்பாவோடதுன்னு ஒரு பொண்ணு போட்டிருந்துச்சு. அதை ஏமாத்தி வாங்கினு வந்து, வூட்ல வெச்சிக்கினு எப்படிங்க பாக்கறது?"

சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். அவர் இறங்கும் இடம் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்பினேன். யாரையும் அவ்வளவு மெதுவாக நான் எழுப்பியதில்லை.