சட்டியோடு பேசிய வீடு

அந்த வீட்டில் அடுப்பங்கரை ஒன்று, அடுப்பு இரண்டு. சன்னலோரம் இருந்த அடுப்பு மூத்தவளுடையது. கதவுக்குப் பின்னால் புழுங்கிக்கொண்டிருந்தது இளையவளுடையது. அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட இருவரும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

பேச்சு அறுந்தது ஒரு குக்கர் வாஷரால். இளையவளுடைய வாஷர் ஒரு நாள் காலையில் கிழிந்துவிட்டது. வேலைக்கு நேரமாகிறதே என்று மூத்தவளுடையதைக் கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டாள். மூத்தவள், வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளுக்கு முன்னால் "கேட்டா குடுக்க மாட்டோமா, திருடணுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். இளையவளுக்குச் சட்டென்று பதில் பேச வராது. வார்த்தை தொண்டை வரை வரும், அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கு நின்ற வார்த்தை அப்படியே கெட்டித்துக் கிடந்தது.

ஆனால் ஒரு அடுப்பங்கரையில் இரண்டு பேர் எப்படிப் பேசாமலே இருப்பது? பாத்திரங்களோடு பேசினார்கள். "சில பேருக்குக் கழுவுற தொட்டியில சோத்துப் பருக்கை கிடந்தாலும் கண்ணு தெரியாது" என்று மூத்தவள் கரண்டியிடம் சொல்வாள். "நேத்து யாரு தின்ன தட்டோ, இன்னைக்கு நான் கழுவணுமாம்" என்று இளையவள் தட்டிடம் முறையிடுவாள். புருஷன்மார் இருவரும் லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள். எந்தப் பேச்சு யாருக்கு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் வம்பு என்பதும் தெரியும். தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

இளையவள் ஒரு மருத்துவமனைச் சமையற்கட்டில் நறுக்குவதும் கழுவுவதுமாக வேலை செய்தாள். அவள் நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் அங்கே அவளுக்குப் பெயர் பூனை. எட்டாவதோடு படிப்பு நின்றவள், பிறர் கை செய்வதைப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டாள். அவளுக்கு ஆசை என்று ஒன்றிருந்தால் அது ஒன்றுதான். பின்கட்டில் சாக்குகள் அடைந்து கிடக்கிற அறையைத் தனக்குத் தனி அடுப்பங்கரையாக்கிக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கிற வழியை அடைத்து ஒரு சுவர், கொல்லைப்பக்கம் ஒரு கதவு. மூத்தவளின் முதுகைப் பார்க்காமல் ஒரு வேளை சமைக்க வேண்டும்.

வீடு நாத்தனார் பெயரில் இருந்தது. தம்பிகள் இருவரையும் தூக்கி வளர்த்தவள், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறவில்லை. சுவர் விஷயத்தை இளையவளின் கணவன் மெல்ல அவள் காதில் போட்டு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று நாத்தனார் போன் செய்தாள். போனை எடுத்தது இளையவள்.

"குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குப் பால், தயிர், நெய் எதுவும் ஆகறதில்லம்மா. கொஞ்சம் போனாலும் ராத்திரி பூரா வாந்தி. கறி முட்டையும் விட்டாச்சு. ரெண்டு பேரும் பார்த்துச் செய்ங்க. அவகிட்டயும் சொல்லிடு."

"சொல்லிடறேன், அண்ணி" என்றாள்.

சொல்லவில்லை. சொல்ல எந்தப் பாத்திரமும் அவளுக்கு அகப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. மூத்தவள் வழக்கம்போல் கறியைத் தயிரில் ஊறவைப்பாள், பாலைச் சுண்டக் காய்ச்சி இனிப்புச் செய்வாள். நாத்தனார் அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தன் சட்டிப் பக்கம் திரும்புவாள். அந்தக் காட்சியை நினைத்தபோதே இளையவளுக்கு வயிறு குளிர்ந்தது.

சனிக்கிழமை இரவே முழுக் கோதுமையை ஊறப்போட்டாள். மருத்துவமனையில் தேறி வருகிற நோயாளிகளுக்குச் செய்கிற சாப்பாடு அது. காலையில் வடித்து, குக்கரில் மணி மணியாக, கடித்தால் மெத்தென்று அமுங்கும்படி வேகவைத்தாள். வெந்த பிறகுதான் உப்பு. வெங்காயத்தை எண்ணெயில் நிதானமாகச் சிவக்க வதக்கினாள். பட்டையும் மிளகும் தட்டிப் போட்டாள். அத்திப்பழத்தையும் பேரீச்சையையும் நறுக்கி, திராட்சையோடு ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டாள். பழங்களைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னால் போட்டால் கரைந்து களியாகிவிடும். பிறகு வாதுமையையும் வால்நட்டையும் வெறும் வாணலியில் வறுத்தாள்.

வறுக்கும்போது அவளை அறியாமல் வாய் முணுமுணுத்தது. "என்ன வறுத்து என்ன, ஒரு சொட்டு நெய் இல்லாம வாசனையே எழும்ப மாட்டேங்குதே."

இதை அவள் வாணலியிடம்தான் சொன்னாள். உண்மையாகவே வாணலியிடம். சமைக்கிறவர்கள் எல்லாரும் இப்படி ஏதாவது முனகுவார்கள்தானே. ஆனால் அந்த வீட்டில் வாணலியிடம் சொன்னது வாணலிக்கு என்று யார் நம்புவார்கள்? மூத்தவளின் முதுகு நிமிர்ந்தது. அவள் அலமாரியில் நெய் டப்பா நிறைந்து இருந்தது.

எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறி, சட்டியை மூடிவிட்டு, இளையவள் தட்டுகளைக் கழுவக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தாள். கோதுமை மணிகள் மினுமினுத்தன. நெய் மணம் முகத்தில் அடித்தது. சன்னலோரம் மூத்தவள் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்ல நெய்க்குப் பஞ்சமில்ல" என்று பாலிடம் சொன்னாள்.

கோதுமையை மறுபடி ஊறவைக்க நேரமில்லை. நாத்தனாரின் குரல் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது.

இளையவள் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். பரிமாறிவிடலாம். சாப்பிடும்போது ஒன்றும் ஆகாது. நாத்தனார் ருசித்துச் சாப்பிடுவாள், சுவருக்குச் சரி என்பாள், போய்விடுவாள். ராத்திரி அவள் வீட்டில் என்ன நடந்தாலும் பஸ்ஸில் குடித்த தண்ணீர்தான் காரணம் என்று போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்குள் ஓடி முடிவதற்குள் இலையைப் போல மெலிந்துபோன நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். கறியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள், இனிப்பைத் தள்ளி வைத்தாள். மூத்தவளின் முகம் சுருங்கியது. இளையவள் எதிர்பார்த்திருந்த காட்சி அப்படியே நடந்தது. ஆனால் வயிறு குளிரவில்லை.

நாத்தனார் கோதுமையைத் தட்டில் போட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மணிக்கட்டு குழந்தையுடையது போல ஆகியிருந்தது. இளையவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி. அதுல நெய் விழுந்திருக்கு."

"யாரு ஊத்துனது?"

"நான்தான்" என்றாள் மூத்தவள். "நெய் இல்ல, வாசனை இல்லன்னு எனக்குக் கேக்கற மாதிரி குத்திக் காட்டிட்டு இருந்தா. என்னமோ நான் கஞ்சத்தனம் பண்ற மாதிரி. ஒரு கரண்டி ஊத்துனேன். அதுல என்ன குத்தம்?"

"எனக்கு ஆகாதுன்னு போன்ல சொன்னேனே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

அதற்கு நாத்தனார் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லார் கண்ணும் இளையவள் மேல் வந்து நின்றது. அவள் கணவன் தட்டை இன்னும் உற்றுப் பார்த்தான்.

நாத்தனார் கரண்டியை வைத்தாள். சட்டியில் சேராமல் மிச்சமிருந்த வால்நட்டையும் இரண்டு அத்திப்பழத்தையும் கேட்டு வாங்கி, நிதானமாக மென்று முடித்தாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஒரே ரூமுக்குள்ள இந்த அடுப்புல இருந்து அந்த அடுப்புக்கு ஒரு சேதி போய்ச் சேரல. இதுல நடுவுல சுவர் வேறயா? நாளைக்கு ஒருத்தி மயங்கி விழுந்தாக்கூட மத்தவளுக்குத் தெரியாது. என் உசுரு இருக்கற வரைக்கும் இந்த வீட்ல ஒரு செங்கல் ஏறாது."

பெட்டிக்கடையில் நின்று கறுப்பு டீ குடித்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அவள் தெருத் திரும்பும் வரை காத்திருந்தாள் மூத்தவள். பிறகு கரண்டியைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்க்கவில்லை. நேராக இளையவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கமுக்கமா இருந்தே கழுத்தை அறுக்கப் பார்த்தியேடி."

"உங்க நெய்யை நான் கேட்டேனா?" என்றாள் இளையவள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. "என் சட்டியைத் தொறக்க உங்களுக்கு யார் சொன்னது?"

வாஷரில் தொடங்கினார்கள். தொட்டி, தட்டு, சன்னலோர அடுப்பு, யாருக்குக் காய்ச்சல் வந்தபோது யார் கஞ்சி வைக்கவில்லை என்பது வரை, மனசில் கிடந்த எல்லாவற்றையும் இழுத்துப்போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சன்னல் ஒன்று திறந்துகொண்டது. அண்ணனும் தம்பியும் கோதுமைச் சட்டியைத் தங்கள் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு அடி காணும் வரை வழித்துச் சாப்பிட்டார்கள். சுவரைப் பற்றி அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.