கியர் மாற்றச் சொல்லித்தந்த தகரம்

என் மாமா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் வலது காலால் பிரேக் போடுகிறவர். முன்னால் போகிற வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், அவருடைய செருப்பு தரையை அழுத்தும். பஸ் நின்றதும், தானே நிறுத்தியதுபோல ஒரு திருப்தி முகத்தில் வரும்.

இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஒரே வண்டி, ஒரே மாஸ்டர். ஆபீஸ் என்பது வீட்டின் முன்னறை. ஒரு மேஜை, சாலைக் குறிகள் அச்சிட்ட ஓர் அட்டை, உயரம் குறைந்தவர்களுக்காக இரண்டு தலையணை. விண்ணப்பம், தேதி, ஃபோன் எல்லாம் அத்தையின் பொறுப்பு. நான் மாடி அறையில் இருக்கிறேன். காலை ஏழரை மணி வகுப்பு என் அலுவலகம் இருக்கிற பக்கமாகப் போகும் என்பதால் பின் சீட்டில் எனக்கு நிரந்தர இடம் உண்டு. வாயைத் திறக்கக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அதில் எனக்கு ஒரு நாளும் சிரமம் இருந்ததில்லை.

வண்டிக்கு வயது பதினாலு. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய் தீயாய்ச் சுடும். அந்தச் சூடு பக்கத்து வயர்களையும் ரப்பர் குழாய்களையும் தொடாமலிருக்க, அதன்மேல் ஒரு மெல்லிய தகடு கவிழ்ந்திருக்கும். ஹீட் ஷீல்டு என்பார்கள். எட்டு வருடத்துக்கு முன் அந்தத் தகட்டில் போல்ட் போகும் ஓட்டை துருப்பிடித்து விரிந்துபோனது. அன்றிலிருந்து, இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போது மட்டும் தகடு ‘டடடட’ என்று அடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே சத்தமில்லை, மேலே போனாலும் சத்தமில்லை. பார்த்தால், கியர் மாற்ற வேண்டிய சரியான இடம் அதுதான்.

வேறு யாராவது என்றால் சரிசெய்திருப்பார்கள். மாமா அதைப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்.

“தகரம் பேசுதா? கிளட்சை மிதி, கியரை மாத்து. அவ்ளோதான்.”

முதல் நாள் இதைச் சொல்லிவிட்டால் அவர் வேலை முடிந்தது. மீதி நாட்களில் ஜன்னல் வழியாக மற்றவர்கள் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டு வருவார்.

“லைசென்ஸ் வாங்கிட்டு சொந்த வண்டியில ஏறினா, அதுல தகரத்துக்கு எங்க போவாங்க?” என்று அத்தை ஒருமுறை கேட்டார்.

“அது அவங்க வண்டியில இருக்கிற குறை” என்றார் மாமா.

ஏழரை மணி வகுப்புக்கு அப்போது ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று கால் வீங்கிப்போனவர். நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் கவனிக்கும் வேலை ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதிக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் பழையபடி வார்டு. முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்துவிட்டார். அடுத்த தேதி வியாழக்கிழமை. அதை விட்டால் மாதம் முடிவதற்குள் வேறு தேதி இல்லை.

அந்த முதல் டெஸ்டில்தான் இன்ஸ்பெக்டர் தகரத்தின் குரலையும் கேட்டார்.

“மாஸ்டர், அடுத்த தடவை இந்த டப்பா சத்தத்தோட வந்தீங்கன்னா, கேட்டுக்கு உள்ளயே விடமாட்டேன்.”

சனிக்கிழமை மாமா வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். எதைக் கேட்டாலும் ‘பொறுமையா பண்ணுவோம்’ என்று சொல்வதால் அந்த மெக்கானிக்கின் பெயரே பொறுமை ஆகிவிட்டது. பொறுமை பானெட்டுக்குள் தலையை விட்டு, ஸ்பானரால் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

“கழட்டிப் போட்டுடவா?” என்றார் மாமா.

“போடலாம். அப்புறம் வயர் உருகும். ரப்பர் ஹோஸ் காஞ்சு வெடிக்கும். இங்க ஆயில் கசிவு வேற இருக்கு, சொட்டு விழுந்தா பத்திக்கும். செவ்வாய்க்கிழமை விடுங்க. ஓட்டைக்குப் பெரிய வாஷர் வெச்சு, புது போல்ட் போட்டுத் தரேன்.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“பழைய போல்ட் உடையாம வந்தா அரை நாள். உடைஞ்சா ஒரு நாள்.”

“ஒரு தகரத்துக்கு ஒரு நாளா? இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்டறேன்யா.”

“நீங்க ஓட்டறீங்க. நான் திறந்து பாக்கறேன்” என்றார் பொறுமை.

இந்தப் பதில் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பனியனோடு தானே இறங்கிவிட்டார். இரண்டு போல்ட் சொன்னபடி கேட்டு வந்தன. மூன்றாவது பாதியில் உடைந்தது. அதனால் அவர் தகட்டையே வளைத்து இழுத்துக் கழற்றினார். பதினோரு மணிக்கு அதைக் கையில் ஏந்திக்கொண்டு, பெரிய மீன் பிடித்தவர்போல முன்னறைக்கு வந்தார்.

“மேஜை மேல வைக்காதீங்க, துரு” என்றார் அத்தை.

திங்கட்கிழமை வண்டி அப்படி ஓர் அமைதியோடு கிளம்பியது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். நர்ஸ் முதல் கியரில் தெருவைத் தாண்டினார். பெரிய சாலையில் ஏறினார். இன்னும் முதல் கியர்தான். இன்ஜின் ஓலமிட ஆரம்பித்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அழுத்தியது.

“சிஸ்டர், கியர்.”

“தகரம் இன்னும் பேசலையே மாஸ்டர்.”

“அது பேசாது. கழட்டிட்டேன்.”

“அப்போ எனக்கு யார் சொல்லுவா?”

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரத்தில்தான் கருகல் வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால், குழாய்க்குப் பக்கத்தில் போகிற வயரின் மேலுறை இளகிப் பளபளத்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸ் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய கணக்கு வியாழக்கிழமைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் பொறுமை வயரைப் பார்த்தார், மாமா கொண்டுவந்த வளைந்த தகட்டைப் பார்த்தார், மறுபடி வயரைப் பார்த்தார்.

“ஏதாவது சொல்லித் தொலையேன்யா” என்றார் மாமா.

“பொறுமையா சொல்றேன் மாஸ்டர்.”

“சரி, பழையபடி மாட்டு. அந்தச் சத்தத்தோட மாட்டு. புதன்கிழமை சாயங்காலம் வந்து சத்தத்தை நிறுத்திக்கலாம்.”

“சத்தம் வராம மாட்டத்தான் எனக்குத் தெரியும்” என்றார் பொறுமை.

செவ்வாய் மாலை வண்டி திரும்பி வந்தது. புது வயர், தட்டி நேராக்கிய தகடு, பெரிய வாஷர்கள், புது போல்ட். எவ்வளவு உறுமினாலும் ஒரு முணுமுணுப்பு இல்லை. வண்டிக்கு எந்தக் குறையும் இல்லை. மாஸ்டருக்குத்தான் பாடம் இல்லை.

“எட்டு வருஷமா தகரம்தான் மாஸ்டர்” என்றார் அத்தை. “நீங்க பக்கத்து சீட்டுல காத்து வாங்கிட்டு வந்தீங்க.”

“மீட்டரைப் பாத்து மாத்தச் சொல்லலாமா?” என்று மாமா என்னிடம் கேட்டார். என்னிடம் யோசனை கேட்கிற அளவுக்கு நிலைமை போய்விட்டது. அன்று சாயங்காலமே நர்ஸை வரவழைத்து அதையும் முயன்று பார்த்தார். நர்ஸ் மீட்டரை நோக்கிக் குனிந்தால் கையும் கூடவே வளைந்தது. வண்டி நடைபாதையை உரசியது.

“எப்ப மாத்தணும்னா, சிஸ்டர், மாத்தணும்னு தோணும்ல, அப்போ.”

“எனக்குத் தோண மாட்டேங்குதே மாஸ்டர்.”

அவரே ஓட்டிப் பார்த்தார், தன் கை எப்போது போகிறது என்று கவனிக்க. கவனிப்பதற்குள் கை போய்விட்டு வந்துவிட்டது. இரண்டாவது தடவை, கவனித்ததாலேயே போக மறந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக மாமா நடு ரோட்டில் வண்டியை ஆஃப் ஆக்கினார்.

புதன்கிழமை காலை நர்ஸ் ஸ்டியரிங்கில் இருந்தார். இன்ஜின் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று மாமா, இஸ்திரி போட்ட சட்டையும் நரைத்த மீசையுமாக, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

“டடடடட.”

நர்ஸின் கை தானாகப் போய் கியரை மாற்றியது.

அன்று காலை முழுவதும் மாமா தகரமாக இருந்தார். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் அவரை உற்றுப் பார்த்தார். மாமா மேலே பார்த்துக்கொண்டே ‘டடடட’ என்றார். எனக்கு அலுவலகத்தில் இறங்க மனமில்லை; கூடவே சுற்றினேன். கடைசிச் சுற்றில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிப்பதற்குள் டிரைவர் சீட்டிலிருந்து மெல்லிய குரலில் ஒரு ‘டடட’ கேட்டது. நர்ஸ்தான் சொன்னார். கியர் மாறியது.

“எப்படி சிஸ்டர் தெரிஞ்சுது?”

“தெரியல மாஸ்டர். இந்த இடத்துலதானே நீங்க கத்துவீங்க.”

“நான் கத்தறதுக்கு முன்னாடியே சொன்னீங்களே.”

அவர் யோசித்தார். “இன்ஜின் கொஞ்சம் மூக்கால அழற மாதிரி இருந்துச்சு. அப்போ நீங்க வருவீங்கன்னு நெனைச்சேன்.”

வியாழக்கிழமை நான் அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டேன். டெஸ்ட் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

“ஓ, சரிபண்ணிட்டீங்களா. நல்லது. நிறைய பேர் சத்தம் போடுதுன்னு கழட்டிப் போட்டுட்டு வந்துடறாங்க.”

“சேச்சே, அது எப்படி சார்” என்றார் மாமா.

இன்ஸ்பெக்டரும் நர்ஸும் ஏறினார்கள். மாமா கேட்டருகே நின்றார். வண்டி தூரத்தில் வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கால், இல்லாத கிளட்சை மிதித்தது, உதடு அசைந்தது. ரிவர்ஸில் கம்பம் தப்பியது. கால் மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் இறங்கி, பேப்பரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“நல்லா ஓட்டறாங்க. ஆனா அந்தம்மாவுக்கு என்ன, குளிர் ஜுரமா? வழியெல்லாம் பல்லு தந்தி அடிக்குது.”

“டெஸ்ட் பயம் சார்” என்றார் மாமா.

திரும்பும்போது நர்ஸையே ஓட்டச் சொன்னார். பேப்பர் நர்ஸின் மடியிலிருந்த கைப்பைக்குள் இருந்தது. அவர் ஒன்றாம் தேதி எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், அங்கே வண்டி நிறுத்த இடம் இருக்குமா என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மூதாட்டி, சர்க்கரை, காலில் ஆறாத புண். மாமா தலையாட்டினார், ஆனால் காது இன்ஜினில் இருந்தது. பெரிய சாலையில் ஏறியதும் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்துத் தயாரானார்.

நர்ஸ் பேச்சை நிறுத்தாமலே கியரை மாற்றிவிட்டார்.

மாமா குவித்த உதட்டை மெதுவாக மூடிக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, எதிரே வந்த லாரிக்காரனைத் திட்ட ஆரம்பித்தார்.