வாசலில் நின்ற காட்டு நாரத்தை

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டு நாரத்தையைப் பிழிந்து கொடுத்த முட்டாள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள், அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும். கடைக்குப் போய் நல்ல எலுமிச்சம்பழமாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லித்தான் அவள் என்னை அனுப்பினாள். வாசலில் ஒரு மரமே காய்த்துத் தொங்கும்போது கடைக்கு ஏன் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஏதாவது தோன்றினால் எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் பயப்படுவார்கள். அன்று வேலை மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அந்த மரம் எங்கள் ஊர் மரமே இல்லை. பல வருடங்களுக்கு முன் நண்பர்களோடு வேன் பிடித்து வால்பாறைப் பக்கம் போயிருந்தேன். மழைக்காட்டை ஒட்டிய ஒரு டீக்கடையின் பின்னால், விழுந்த பழத்திலிருந்து தானாக முளைத்த கன்றுகள் நின்றன. இலையைக் கசக்கினால் கையெல்லாம் மணத்தது. ஒவ்வொரு இலையும் சின்ன இலை ஒன்று, அதன் தலையில் பெரிய இலை ஒன்று என்று ஒட்டவைத்த மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர், எந்நேரமும் நனைந்துகொண்டே நிற்கிற மரம் இது, உங்கள் ஊர் வெயிலில் வராது என்றார். வராது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்கு அது கட்டாயம் வேண்டும். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். எரிந்து போனதைத்தான் எல்லோரும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்தப் பழக்கம்தானோ என்னவோ.

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகிற பக்கத்தில் எங்கள் வீடு. மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். கன்று வந்த வேகத்தில் மஞ்சளடித்தது. விடுவேனா? ஒரு ஆளாழத்துக்குக் குழி வெட்டி, மனைவியின் ஊரான அரும்பாவூரிலிருந்து செம்மண்ணைச் சாக்கில் கட்டி, தெரிந்த லாரியில் ஏற்றி வந்து கொட்டினேன். தாய்வீட்டுச் சீராக மண்ணை வாங்கி வந்த ஒரே மனுஷன் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். இலைமேல் லாரிப் புழுதி படிந்தால் சாயங்காலம் ஓஸ் குழாயைப் பிடித்துக் குளிப்பாட்டினேன். நான் குளித்தேனா என்பது வேறு விஷயம். மரம் வளர்ந்தது. விரல் நீளத்துக்கு முள், பூத்தால் தெரு முனைவரை வாசம், கரடுமுரடாகப் பழம். பழத்துக்குள் முக்கால்வாசி விதை, மிச்சம் கசப்பு.

அந்தக் கசப்பைத்தான் சர்க்கரை கொட்டி மறைத்துவிட்டதாக நினைத்தேன். பூலாம்பாடியிலிருந்து மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அப்பா அம்மா, எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு ஒரு பெரியப்பா என்று நாலு பேர் வந்தார்கள். பெரியப்பாதான் முதலில் டம்ளரை எடுத்தார். ஒரு மடக்குக் குடித்தார். அதன்பிறகு அவர் முகத்தில் கண் எது வாய் எது என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை. பையனின் அம்மா முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். பையன் மட்டும் முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். ஒன்று நல்ல பையனாக இருக்கவேண்டும், இல்லை நாக்கில் ஏதோ கோளாறு. இத்தனைக்கும் நடுவில் என் மகள் வந்து, கும்பிட்டு, காப்பி கொடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரம்பலூரில் ரத்தம் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறமும் போகணுமா என்று கேட்டார்கள். நான்தான் முந்திக்கொண்டு, அதெல்லாம் பேசிக்கலாம் என்றேன்.

இரண்டொரு நாளில் தரகர் போன் செய்தார். குரலில் சர்க்கரை வழிந்தது.

“பொண்ணு ரொம்பப் புடிச்சிருக்குங்க. மரந்தான் புடிக்கல.”

வாசல்படிக்கு நேரே முள் மரம் நிற்பது குடும்பத்துக்கு ஆகாதாம். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் முதன்முதலாக வாயில் பட்டதே கசப்பாம். மரத்தை எடுத்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயத்துக்கு வருவார்களாம். பெரியப்பா சொல்லச் சொன்னாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கசந்தது என் புத்தி. அதற்கு மரத்தை வெட்டுவதா? வேண்டுமானால் என்னைத் திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன், பழக்கம்தான். எங்கள் ஊரில் சிமெண்டுக்காகப் பூமியையே தோண்டி லாரியில் ஏற்றிப் போகிறார்கள். பகலெல்லாம் வாசலில் புழுதி. சோற்றில் புழுதி, காயப்போட்ட சட்டையில் புழுதி. அந்த லாரிகள் எதிரே வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எந்தப் பெரியப்பாவும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் பக்கம் கொஞ்சமாவது பச்சையாக நின்று பூத்து மணக்கிற ஒன்று, அது மட்டும் ஆகாது. இவர்கள் வாசலில் நிற்கிறதா அது? என் வாசலில் நிற்கிறது. இன்னும் தாம்பூலமே மாறவில்லை, அதற்குள் எங்கள் வீட்டில் எது இருக்கலாம் எது போகவேண்டும் என்று பூலாம்பாடியில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். இன்றைக்கு மரம். நாளைக்கு என் மகளின் வேலை. அதற்கு மறுநாள் இவள் சத்தமாகச் சிரிக்கிறாள் என்பார்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். கைதட்டல் வரும் என்று நினைத்தேன். நல்ல இடம் தேடி வந்திருக்கிறது, மரம் போனால் இன்னொரு மரம் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. மறுநாளே அரும்பாவூரிலிருந்து மச்சான் மரமறுக்கும் மிஷினோடு வந்து இறங்கினான். பைக்கில் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் வந்த தோரணை எனக்குப் பிடிக்கவே இல்லை.

“தள்ளுங்க மாமா. ஒரு முள்ளு மரத்துக்காவ புள்ள வாழ்க்கையக் கெடுப்பீங்களா?”

“வெட்டறதுன்னா என்னைய முதல்ல வெட்டு.”

“அதுக்கு எதுக்கு மாமா மிஷின்? பழத்தப் புழிஞ்சு நீங்களே ஒரு டம்ளர் குடிங்க.”

நான் பிளாஸ்டிக் சேரை எடுத்துப்போட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். வீரமாக நிமிர்ந்ததில் உச்சந்தலையில் முள் ஏறியது. ரத்தம் வந்ததும் மச்சான் பயந்துபோய் மிஷினைக் கீழே வைத்தான். அதுவரை அந்த மரத்தை ஏறெடுத்தும் பார்க்காத தெருக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும், வெட்டினால் விறகை எனக்குக் கொடுங்க என்று கேட்டு வைத்தார். அவருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றிலிருந்து என் மனைவி என்னோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. உங்கப்பாவிடம், இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று கேளு. நானும் விடவில்லை. உங்கம்மாவிடம் சொல்லு, எனக்கும் மானம் இருக்கிறது என்று. மச்சான் போனில் சொன்னதையும், தரகர் திரும்பத் திரும்பச் சொன்னதையும் மகள்தான் கூடத்துக்கும் வாசலுக்கும் சுமந்து வந்து சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. லேப்பில் ரிசல்ட் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

ஒருநாள் காலையில் பொறுக்கமுடியாமல் பெரியப்பாவுக்கு நானே போன் போட்டேன். மனசுக்குள் பலமுறை பேசிப் பார்த்திருந்ததால் தங்குதடையில்லாமல் வந்தது.

“எங்க வாசல்ல நிக்கிறது புடிக்காதவங்க எங்க வாசலுக்கு வரவேணாங்க. பொண்ணு உங்களுக்கு இல்ல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டேன். உடம்பே லேசாகிவிட்டது. என் மகளுக்காக ஒரு அப்பன் இதைவிட என்ன செய்துவிட முடியும்? சட்டையை மாட்டிக்கொண்டு, அவளை வண்டியில் ஏற்றி, பெரம்பலூர் பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேசாததையும் சேர்த்து, அவர் குரலிலும் என் குரலிலும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டினேன். கொஞ்சம் கூடவே பேசியதாகவும் காட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றாள். லாரி ஒன்று எங்களைக் கடந்து போய்ப் புழுதி அடங்கியதும் கேட்டேன்.

“என்னம்மா, அப்பா செஞ்சது சரிதானே? உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சா?”

“போன் பண்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்ப்பா.”