திறக்காத சம்பல் போத்தல்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் நிறைய வரும். வாசிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் நான். என் கூட்டாளி பக்கத்துக் காம்பராவில் பிறந்தான். எங்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. அவன் வீட்டில் ரொட்டி சுட்டால் புகை எங்கள் வீட்டுக்கு வரும். அவன் முதலில் கட்டாருக்குப் போனான். நாலு வருஷம் கழித்து என்னையும் கூப்பிட்டுக்கொண்டான்.

நான் புறப்பட்ட அன்று அவன் அம்மா ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொண்டுவந்து தந்தார். கொறக்காப் புளியைத் தகரத்தின் மேல் காயவைத்து, மிளகாயோடு அம்மியில் அரைத்து, எண்ணெய் மிதக்க வதக்கியது.

"மகன் கையில குடு தம்பி. இதுன்னா அவனுக்கு உசிரு."

கொடுத்தேன். அவன் திறந்துகூடப் பார்க்காமல் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்தான். பத்திரப்படுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அறையில் எட்டுப் பேர். நேபாளத்துக்காரர், பங்களாதேஷ்காரர், பிலிப்பைன்ஸ்காரர் என்று பல நாட்டு ஆட்கள். வெள்ளிக்கிழமைக்கு ஒருவர் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சமைப்பார். சாப்பிடும்போது, ஊரில் இதை யார் சமைப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும். நேபாளத்துக்காரர் அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார்.

எங்கள் முறை எப்போது வந்தாலும் கூட்டாளி கோழி பிரியாணி போடுவான். நான் வெங்காயம் உரிப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு ஓவர்டைம்.

"நீயே எதையாவது செய் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து ரொட்டி சுட்டேன். அவன் சந்தோஷப்படட்டும் என்று அந்தப் போத்தலையும் எடுத்து வைத்தேன்.

எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பங்களாதேஷ்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாய், இது சம்பலா, நெருப்பா? இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அந்த நேரம் கூட்டாளி உள்ளே வந்தான். சம்பலைச் செய்தது யார் என்று நேபாளத்துக்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "இவன் அம்மா" என்று கூட்டாளியைக் காட்டினேன்.

அவன் முகம் மாறியது. அவனும் இந்தியில்தான் சொன்னான்.

"என் அம்மாவா? எங்க வீட்டுல இதெல்லாம் தொட மாட்டாங்க. நாங்க இரத்தினபுரி டவுன்ல கடை வச்சிருக்கவங்க. இவன்தான் தோட்டத்து ஆளு. இது கூலிக்காரங்க தின்றது."

கூலி என்ற சொல் அங்கே எல்லோருக்கும் புரியும்.

"அப்ப கூலிக்காரங்க எங்களைவிட நல்லாத்தான் சாப்பிடுறாங்க!" என்று பங்களாதேஷ்காரர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கூட்டாளி கடையில் பரோட்டா வாங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்து தின்றான்.

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மனசுல வச்சுக்காத மச்சான். இங்க வந்த நாள்லருந்து நான் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

என்னைச் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். பெத்தவளையுமா என்று கேட்க நினைத்தேன். பிறகு அவனோடு நான் அதிகம் பேசவில்லை.

மிச்சச் சம்பலை மற்றவர்கள்தான் தின்று முடித்தார்கள். அவன் ஒரு விரலால்கூடத் தொடவில்லை. போத்தலைக் கழுவி வைத்திருந்து, இரண்டு வருஷம் முடிந்து ஊருக்கு வந்தபோது அவன் அம்மாவிடம் கொடுத்தேன்.

"காலி பண்ணிட்டானா! என்னா சொன்னான் தம்பி?"

"கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான், பெரியம்மா."

வேறு என்ன சொல்வது? அந்த வாரமே அதே போத்தலை மறுபடி நிரப்பிக் கொண்டுவந்தார். யாராவது கட்டாருக்குப் போனால் கொடுத்தனுப்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து இரண்டு பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அது அங்கே போய், அவன் அம்மா இன்னொரு தரம் அவமானப்பட வேண்டாம். அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னேன். நானே சாப்பிட்டு முடிக்கவும் வழியில்லை. மூடியைத் திறந்தால் வாசம் சுவருக்கு மேலால் அந்தப் பக்கம் போய்விடும். தன் சம்பல் வாசம் அவருக்குத் தெரியாதா?

போத்தல் என் அலுமாரியில், உடுப்புக்குக் கீழே இருக்கிறது.

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.